எந்தலையில வச்ச கை

இல்ல சிஸ்டர், எங்க வீட்டுக்காரவியள இப்பக் கூப்பிட வேண்டாம். மொதல்ல நான் பேசிருதேன். வெளிய வேப்பமரத்தடிப் பெஞ்சுலதான உக்காந்திருக்காவ, எங்கயும் போயிர மாட்டாவ. மதுரையில இருந்து வேன் வாரதுக்கு நேரங் கெடக்குன்னுதான சொன்னிய? அந்த வேன்ல அவியள ஏத்துததுக்கு முன்ன உங்கட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டா ஒரு மாசம் அங்க உள்ள கெடப்பாவ. மில்லுல இப்பத்தான் ஹெட் பிட்டரா போடலாமான்னு பேசிட்டு இருக்காவ. குடிய விடுத எடத்துக்குப் போயிட்டு வந்தவர்னு தெரிஞ்சா அதுவும் போச்சு.

தண்ணி வேண்டாம் சிஸ்டர். சரி, குடுங்க.

கடைசியா எப்பக் குடிச்சாவன்னு கேட்டிய. சொல்லுதேன். ஆனா மொட்டையா அத மட்டும் சொன்னா என்னயப் பைத்தியக்காரின்னு நெனச்சிருவிய. மொதல்ல இருந்தே வாரேன்.

ஓடாத மிசினும் அவிய கை பட்டா ஓடும்னு மில்லுல பேரு. அந்தக் கை காலையில ஒரு டீ கிளாசப் புடிக்க ஏலாம ஆடும். மொதல்ல சாராயம். கவருமெண்டு சாராயக்கடைய மூடுனப்போ ஊர்ப் பொம்பளைய அம்புட்டு பேரும் ஸ்தோத்திரம் சொன்னோம். அவிய மறுநாளே பிராந்திக்கடைக்கு மாறிட்டாவ. தென்காசி ரோட்டு ஓரத்துல விழுந்து கெடப்பாவ. நானும் எம்மவ ஜெயபாயும் போயி ஆளுக்கொரு கையப் புடிச்சு இழுத்துட்டு வருவோம். சின்னப்பிள்ள அது. பள்ளிக்கூட யூனிபாரத்தோட கூட்டிட்டுப் போயிருக்கேன். அத ஏன் கூட்டிட்டுப் போனேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல.

வேலை போகாம இருந்தது என்னாலதான். அதுல எனக்குப் பெருமை கூட உண்டு. மில்லு கேட்டுல போயி நின்னு, அவியளுக்குக் காய்ச்சல், வயித்தால போகுது, சித்தி செத்துப் போச்சுன்னு சொல்லுவேன். டைம் ஆபீசுல சுப்புராஜ்னு ஒருத்தர், நல்ல மனுசன். ஏம்மா, அந்தச் சித்தி போன வருசமே போயிட்டாங்களேம்மாம்பாரு. இது வேற சித்தின்னேன். கூசாம சொன்னேன். சிரிக்காதீங்க சிஸ்டர். சிரிச்சாலும் பரவாயில்ல.

நீங்க அன்னிக்குப் பெண்கள் கூட்டத்துல பேசினது ஞாவகம் இருக்கு. குடிக்கவுகளுக்கு மட்டும் இல்ல, மூடி மூடி வச்சுக் காப்பாத்திக்கிட்டே இருக்கவளுக்கும் அது ஒரு சீக்குதான், அவளும் கொணமாகணும்னு சொன்னிய. எல்லாரும் என்னயப் பாத்து உச்சுக் கொட்டுனாவ. எனக்கு நடுரோட்டுல வச்சுத் திருடின்னு கையப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. நீங்க சொன்னது சரி. ஆனா எஞ்சீக்கு நீங்க சொன்னதுக்கும் மேல போயிருச்சு.

நான் பெறவிக் கிறிஸ்தவ இல்ல. சோழபுரத்துக்காரி. வேலுத்தாயின்னு பேரு. மில்லுல நூல் சுத்துத எடத்துல வேலைக்கி வந்தேன், அவியளுக்குப் புடிச்சுப் போச்சு, எனக்கும் புடிச்சுப் போச்சு. ஞானஸ்நானம் குடுத்து பரிபூரணம்னு பேரு வச்சாவ. பொட்ட அழிச்சுட்டுப் போனவ இந்த வாசப்படி ஏறக்கூடாதுன்னு எங்க ஐயா சொல்லிட்டாரு. எங்கம்மை செத்ததுக்கு மொகம் பாக்க விடல. தெரு மொனையில நின்னு பாத்துட்டுத் திரும்பி வந்தேன்.

கோயில்லயும் அப்படி ஒண்ணும் யாரும் ஒட்டல. தப்பாப் பேச மாட்டாவ, நல்லாத்தான் சிரிப்பாவ. ஆனா அவிய அம்புட்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அத்தை, மயினி, சித்தி. நான் சோழபுரத்துப் பிள்ள. கடைசியில செருப்பு கெடக்கும்லா, அந்த வாசல்கிட்டதான் உக்காருவேன். கோயில் அசனப் பந்திக்குச் சோறாக்கும்போது நானாப் போயி நின்னா, நீ உக்காரும்மாம்பாவ. விருந்தாளிக்குச் சொல்லுத மாதிரி.

ஒரு நா அவிய அடிச்சதுல நெத்தி வீங்கிப் போச்சு. அதோட ஆராதனைக்குப் போயிட்டேன். ஞானபாக்கியம் டீச்சரு, அதான் எங்க பெண்கள் சங்கத் தலைவி, அதப் பாத்துட்டாவ. வர்ற வெள்ளிக்கிழம உபவாச ஜெபம் உன் வீட்டுலதாம்மான்னுட்டாவ. வந்தாவ. வீடு கொள்ளாத பொம்பளைய. என்னய நடுவுல முழங்கால் போடச் சொல்லி டீச்சரு எந்தலையில கைய வச்சாவ. பொறவு ஒவ்வொருத்தரா தோள்ல, முதுகுல. கனத்த கை சிஸ்டர் டீச்சருக்கு, சூடா இருக்கும். என்னமோ அப்படி ஒரு அழுகை வந்துச்சு எனக்கு. எங்கம்மை தொட்டதுக்குப் பொறவு என்னய யாரும் அப்படித் தொட்டதில்ல. மக தொடுவா, அது வேற.

பொறவு எல்லா வெள்ளியும் எங்க வீட்டுலதான். சுண்டல் அவிச்சுக் கொண்டு வருவாவ, என்னய உக்கார வச்சுச் சாப்பிடச் சொல்லுவாவ. கோயில்ல முன்னால கூட்டிட்டுப் போயி டீச்சரு பக்கத்துல உக்கார வச்சாவ. அசனத்துக்கு உலை வைக்கும்போது, பரிபூரணத்தக் கூப்பிடுங்கடின்னு சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்துக்காக என்ன வேணா செய்யலாம்போல இருக்கும்.

வாரேன் வாரேன். அதத்தான் சொல்ல வாரேன்.

அவிய நிப்பாட்டிட்டாவ சிஸ்டர். போன வருசம், பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். ஆமா, போன வருசம். நெசமாத்தான் சொல்லுதேன். நீங்க எழுதிக்கிடுங்க, எழுதாட்டியும் சரி.

கொல்லையில வாந்தி எடுத்தாவ, ரெத்தமா வந்துச்சு. எனக்குத் தெரியக்கூடாதுன்னு மண்ணப் போட்டு மூடிட்டு, தன்னால ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாவ. வந்து உக்காந்தவியதான், பொறவு கடைப்பக்கம் போகல. அந்த வாரம் பூரா ஒடம்பு கெடந்து ஆடுச்சு. சொவத்துல எறும்பு ஊருதுன்னு கத்துனாவ. கொஞ்சம் தெளிஞ்சதும் எங்கையப் புடிச்சுக்கிட்டு, ஏட்டி, யாருட்டயும் சொல்லாத, சொன்னப்பொறவு மறுபடி விழுந்துட்டேன்னா எனக்கு மொகமே இல்ல, கொஞ்ச நா போகட்டும்னாவ. சரின்னேன்.

அந்த வெள்ளிக்கிழம டீச்சரு கேட்டாவ, எப்படிம்மா இருக்காருன்னு. அப்படியேதான் இருக்காவ டீச்சர்னேன். அது அவியளுக்குக் குடுத்த வாக்குக்காகச் சொன்னது. சத்தியம். ஆனா டீச்சரு கை எந்தலைக்கு வந்துச்சுல்லா, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இனிமே நான் நெசத்தச் சொல்லப் போறதில்லன்னு.

கொஞ்ச நா எவ்வளவு நாளு? நாலு மாசங் கழிச்சு அவியளே, இப்பச் சொல்லலாம்டி, கோயில்ல சாட்சி சொல்லுதேன்னாவ. வேண்டாம், இன்னும் கொஞ்சம் பாப்போம்னு நாந்தான் அமத்தினேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம புதுசாச் சொல்லணும்லா. நேத்துத் தட்டத் தூக்கி எறிஞ்சாவம்பேன். அது பழைய கதையா இருக்கும், நேத்து நடந்த மாதிரி சொல்லுவேன். ஞாயித்துக்கிழம பத்துக் கற்பனை வாசிக்கும்போது, பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு வாரப்போ இருமுத மாதிரி வாயப் பொத்திக்கிடுவேன்.

வீட்டுல அவிய முருங்கைக்குத் தண்ணி ஊத்துவாவ. ஜெயபாய்க்குக் கணக்குச் சொல்லிக் குடுப்பாவ, ரெண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரிப்பாவ. என்னமா மாறிட்டாவன்னு சந்தோசம் வரணும்லா? எனக்குக் கை சும்மா இருந்துச்சு சிஸ்டர். எதத் தூக்க, எத மறைக்க, எங்க ஓடன்னு தெரியல. வேணும்னு சண்டை இழுப்பேன். பழசெல்லாம் எடுத்துப் பேசுவேன், அவிய அம்மையத் திட்டுவேன். குடிக்கப் போகட்டும்னுதான். ஆமா, அதுக்குத்தான். போயிக் குடிச்சிட்டு வந்துட்டாவன்னா நான் பொய்க்காரி இல்லல்லா?

ஒரு நா அப்படிப் பேசுன பேச்சுல சட்டைய மாட்டிட்டு வெளிய எறங்கிட்டாவ. வாசல்லயே நின்னேன். திரும்பி வந்தாவ, கையில காரச்சேவுப் பொட்டணம். உனக்குத்தான் வாங்கிட்டு வந்தேன், கோவம் ஆறிருச்சான்னு கேட்டாவ. எனக்கு வந்தது என்ன தெரியுமா? ஏமாத்தம். கர்த்தர் மன்னிப்பாரோ என்னமோ, எனக்கு என்னய மன்னிக்க முடியல.

இல்ல, அழுகல. சளி.

எப்படி வெளிய வந்துச்சா? வெளிய எங்க வந்துச்சு, உங்களுக்குத்தான மொதல்ல சொல்லுதேன். ஸ்தோத்திரப் பண்டிகையில என்ன நடந்துச்சுன்னா, எல்லாரும் வெளஞ்சது, வளத்தது எல்லாம் கொண்டு வந்து படைப்போம், பொறவு ஏலம் விடுவாவ. இந்தத் தடவ ஏலத்துக்கு முன்ன போதகர் ஐயா எந்திரிச்சு, பெண்கள் சங்கம் கொண்டு வந்ததெல்லாம் நம்ம சபையில ஒரு சகோதரருடைய விடுதலைக்காக, அவரை மதுரைக்கு அனுப்பிக் கொணமாக்கத்தான்னுட்டாவ. பேரு சொல்லல. பேரு என்னத்துக்கு? கோயிலே திரும்பி அவியளப் பாத்துச்சு. வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, எம்மவ பக்கத்துல நின்னுட்டு இருந்தாவ. அவிய என்னயப் பாத்தாவ.

நான் குனிஞ்சுக்கிட்டேன்.

ஏலம் சூடு புடிச்சுப் போச்சு. ஒரு சேவல வாங்குனவரே திருப்பிக் குடுக்காரு, மறுபடி ஏலம், மறுபடி குடுக்காரு. கெழவியெல்லாம் காசு அவுத்துப் போடுதாவ. டீச்சரு கொண்டு வந்த பூசணிக்காய் வந்துச்சு. பின்னால இருந்து அவிய குரல் கேட்டுச்சு, ஏலங் கேக்காவ. கூட யாரும் கேக்கல. தான் குடிய விடுததுக்குத் தானே பூசணிக்காய் ஏலம் எடுத்துத் தோள்ல தூக்கிட்டு வந்தாவ வீட்டுக்கு.

சத்தம் போடுவாவன்னு நெனச்சேன். போடல. அந்தக் காய அருவாமனையில வெட்டிக்கிட்டே, எம்புட்டு நாளா சொல்லிட்டு இருக்கன்னு கேட்டாவ. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், டீச்சரு கையச் சொன்னேன், காரச்சேவச் சொன்னேன். கேட்டுக்கிட்டே காய் பூரா வெட்டி முடிச்சாவ. பொறவு, நான் உன்னய மில்லு வாசல்ல எத்தன வருசம் பொய் சொல்ல விட்டேன், இப்ப உன்னயக் கோயில்ல வச்சு அசிங்கப்பட விடுவனா, நான் போயிட்டு வாரேன், ஒரு மாசந்தானன்னாவ. ஜெயபாய் மட்டும் எங்கூடப் பேசுததில்ல.

அவிய மேல ஒரு தப்பும் இல்ல சிஸ்டர். அதுக்குத்தான் சொல்லுதேன். வேன திருப்பி அனுப்பிருங்க. டீச்சருட்ட நானே போயிச் சொல்லுதேன். அதுக்குப் பொறவு செருப்பு கெடக்குத எடத்துல உக்காந்தாலும் சரி, அங்கயும் எடம் இல்லன்னாலும் சரி.

அவிய மேல பிராந்தி வாடையா? உள்ள வரும்போது அடிச்சுதா உங்களுக்கு? அதுக்காக அவிய குடிச்சாவன்னு இல்ல. குடிக்கலன்னு சொல்லுதேன்லா. அது என் வேலை. இன்னைக்குக் காலையில பயம் வந்துருச்சு எனக்கு. இம்புட்டு தெளிஞ்ச மனுசனக் கொண்டு நிறுத்துனா நீங்க ஒரே பார்வையில கண்டுபுடிச்சிருவிய, டீச்சருக்குத் தெரிஞ்சிரும்னு. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில ஆம்பளைய நடுவுல முக்காட்டப் போட்டு நின்னு ஒரு குவாட்டர் வாங்குனேன். வாங்கி அவிய சட்டையில தெளிச்சேன். தெளிக்கும்போது அவிய மொகம் வெளுத்துப் போச்சு. ஏட்டி, அத எங்கண்ணுல காட்டாத, தூரப் போடுன்னாவ. கை ஆடுச்சு. ஒரு வருசத்துக்கு மேல ஆடாத கை.

மிச்சமா? தூரப் போடல சிஸ்டர். பஸ் வந்துருச்சு. நீங்க ஒருவேள நம்பலன்னா எடுத்துக் காட்டலாம்னு அவிய துணிப்பையில திணிச்சுட்டேன். முக்கால்வாசி இருக்கும். பை அவியட்டத்தான் இருக்கு, மடியில வச்சுட்டு உக்காந்திருக்காவ. உள்ள இருக்கது அவியளுக்குத் தெரியும், நான் வைக்கும்போது பாத்துட்டுத்தான இருந்தாவ. நானும் உங்கட்ட வந்து இம்புட்டு நேரம் பேசிட்டு உக்காந்திருக்கேன். கொஞ்சம் எந்திரிச்சு எட்டிப் பாருங்க சிஸ்டர். எனக்குப் பாக்கத் தைரியம் இல்ல.