எல்லை தாண்டிய பயர் வண்டி

— கத்தாதே சுலோச்சனா! புத்தூர் பஜார் வரைக்கும் கேக்குது.

— கேக்கட்டுமே! பயர் ஸ்டேஷன் நாகபூஷணம் பொண்டாட்டி, கூடப் பொறந்த தம்பிக்காகப் புருஷன்கிட்ட மடிப்பிச்சை கேக்கறாள்னு ஊரே கேக்கட்டும். சங்கத்துக்கு செக்ரட்டரி நீங்க. உங்க வாய் வார்த்தையிலதான் அவன் பொழைப்பு இருக்குது.

— பாயிண்டுக்கு வா. வீராசாமி உனக்குத் தம்பி, எனக்கு மச்சான். ஒத்துக்கறேன். ஸ்டேஷனுக்குள்ள அவன் ஆறு பேர்ல ஒருத்தன். மச்சானுக்கு ஒரு நியாயம், மத்தவனுக்கு ஒரு நியாயம்னா அதுக்குப் பேரு சங்கமா, சம்பந்தி விருந்தா?

— பாயிண்டாம் பாயிண்டு! சாயந்திரம் பெரிய ஆபீசர் வந்து, ஆர்டர் இல்லாம எல்லைக்கு அந்தாண்ட வண்டிய ஓட்டிக்கினு போனது யாருன்னு கேப்பாரு. ஓட்டினது டிரைவர் கிருபானந்தம். அந்தப் பேரை யாரும் சொல்லக்கூடாது, ஆளாளுக்கு 'நான்தான்'னு நிக்கணும். உங்க சங்கத்துக் கட்டுப்பாடு அதானே?

— அதான். சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அதான். ஒருத்தன் பேரு சொன்னா அவன் தலை போவும். எல்லாரும் நான்தான்னா எவன் தலைய எடுக்கறதுன்னு ஆபீசருக்கே புரியாது.

— நீங்க அன்னிக்கு சித்தூருக்குப் போயிருந்தீங்களே. சங்கத்து மகஜரைத் தூக்கிக்கினு எவன் கதவையோ தட்டிக்கினு இருந்தீங்க. நீங்க எப்படி நான்தான்னு சொல்லுவீங்க?

— சொல்லுவேன். நாராயணவனத்துத் தேரு கழுவக் குடுத்த ஹோஸ் கிழிஞ்சு வந்துதே, அப்ப பலமனேர்ல மாமியார் வூட்டுல துன்னுட்டுத் தூங்கிக்கினு இருந்த ஆதிநாராயணன்கூட நான்தான் கிழிச்சேன்னு நிக்கலியா? அப்ப இருந்த ஆபீசர் சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

— அவரு சிரிச்சாரு. இவரு சிரிக்கற மூஞ்சியா?

— சுலோச்சனா… வூட்டுல சல்லடை இருக்குதாம்மா? எங்க வூட்டுது ஓட்டையாப் போச்சு.

— வா ஞானமணிக்கா. சல்லடைன்னா ஓட்டையாதானே இருக்கும்? சண்டை பாக்க வந்தேன்னு சொல்லிட்டுப் போயேன்.

— ஸ்தோத்திரம்! சண்டையா நடக்குது? எனக்கென்னாத்துக்கு வம்பு. எதிர் வூட்டுல இட்லி விக்கறவ நான். இப்படி ஓரமா குந்திக்கிறேன், நீங்க பாட்டுக்கு நடத்துங்க. எங்க வுட்டீங்க? ஆபீசர் சிரிக்கமாட்டாருங்கற வரைக்கும் கேட்டுச்சு.

— நீயே சொல்லுக்கா. போன ஒண்ணாந்தேதியோட திருத்தணிப் பக்கம் மெட்ராசுக்குப் போயிடுச்சு, நாம ஆந்திராவுல. எல்லைக்கல்லுல பூசின சுண்ணாம்புகூடக் காயல. அந்தாண்ட தீப்புடிச்சா மெட்ராஸ் வண்டி வரும், நீங்க போவக்கூடாதுன்னு ஆர்டரு. தெரிஞ்சும் போவலாமா?

— எரிஞ்சது கல்லுக்கு அந்தாண்ட கூரைத் தெருடி. நெசவுக்காரங்க. தறியில சேலை, மச்சுல நூலு. காத்து வேற. எத்தினி வருசமா நம்ம வண்டி போன தெரு! மெட்ராஸ் வண்டி வந்து சேரச்சொல்ல சாம்பல் அள்ளற வேலைதான் மிஞ்சியிருக்கும். வண்டிய கல்லுகிட்ட நிறுத்திட்டு எல்லாரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்தாங்களாம். இந்தப் பையன் கிருபானந்தம் கியரைப் போட்டு ஏறிப் போயிட்டான். பாதித் தெரு பொழைச்சுது.

— பொழைச்சவங்க சும்மா இருந்தாங்களா? மேளம் வெச்சு, புதுச் சேலை கொண்டாந்து, சாமிக்குச் சாத்தறாப்போல வண்டிக்கே கட்டிவிட்டாங்க. அன்னிக்குன்னு பாத்து ஆபீசர் இன்ஸ்பெக்சனுக்கு வந்து நிக்கறாரு! "இதி ஏமய்யா, வண்டிகி பெள்ளியா"ன்னு கேட்டாராம். வண்டிக்குக் கல்யாணம், என் தம்பி கல்யாணத்துக்குக் கேடு.

— உன் தம்பி கல்யாணத்துக்கு இன்னாடி கேடு? திருத்தணிப் பொண்ணு மணியம்மாளுக்குப் பரிசம் போட்டாச்சே?

— போட்டாச்சு. பொண்ணோட நைனா இன்னா சொல்லியிருக்காரு? திருத்தணி மெட்ராசுல சேர்ந்துடுச்சு, மாப்பிள்ளையும் மெட்ராஸ் பக்கம் மாத்திக்கினு வந்தாத்தான் தாலின்னு. இவனும் எழுதிக் குடுத்துட்டான். ஆனா சர்வீஸ் புக்குல ரிமார்க்கு வாங்கினவனை இங்கேர்ந்து விடமாட்டாங்க. சாயந்திரம் நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னான்னா, வேலை இங்க, பொண்ணு அங்க.

— அட யேசுவே.

— அதனால கேக்கறேன். கிருபானந்தம் ஒண்டிக்கட்டை. மிஷன் ஹாஸ்டல்ல வளந்த புள்ள. தாயி தகப்பன் இல்ல, பொண்ணு பாத்து வெக்கல. அவனுக்கு ஒண்ணு ஆனா அழறதுக்கு யாரு இருக்கா?

— சுலோச்சனா! வாயை அளந்து பேசு. அழறதுக்கு ஆளில்லாதவனுக்குத்தான் சங்கம்.

— அப்ப என் தம்பிக்கு லீவாவது குடுங்க. வயித்துவலின்னு படுத்துக்கட்டும்.

— விசாரணை அன்னிக்கு லீவு எடுத்தவன் மொகத்துல அப்புறம் எவன் முழிப்பான்? அவனே ஒத்துக்கமாட்டான்.

— ஒத்துக்கமாட்டான், ஆனா உள்ள போனா உடைஞ்சிடுவான். சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும். வாத்தியாரு பிரம்பை எடுத்தாலே பக்கத்துப் பையன் பேரைச் சொல்லிடுவான். ஆபீசரு, மெட்ராஸ் வேணுமா வேணாமான்னு ஒரு அதட்டு போட்டா, கிருபானந்தம் பேரு தானா வந்துடும். அப்புறம் காலத்துக்கும் காட்டிக்குடுத்தவன்னு பேரு. கல்யாணம் போனாலும் போவட்டும், அந்தப் பேரு வேணாங்க. எப்படியாவது அவனை உள்ள கூப்பிடாம பண்ணுங்க. நீங்கதான் பெரியவரு, உங்களுக்கு வழி தெரியாதா? இன்னாங்க, எழுந்துக்கறீங்க?

— டோபிகிட்டேர்ந்து காக்கிச் சட்டை வந்துச்சா?

— ஆணியில மாட்டியிருக்குது. பதில் சொல்லிட்டுப் போங்க.

— ஞானமணிக்கா, இட்லிப் பானைய அடுப்புல வெச்சுட்டு வந்தியா? ஆவி உங்க கூரை வழியா வருது. தீப்புடிச்சா எங்க வண்டி இன்னிக்கு எங்கயும் வராது.

— போறாரு பாரேன், உன்னை வுட்டுட்டு எனக்குப் பானை நாயம்! ஏண்டி சுலோச்சனா, உன் வூட்டுக்காரரு மூஞ்சி ஏன் அப்படி வெளுத்துப் போச்சு?

*

— சுலோச்சனா! அடியே, கதவைத் தொறடி! விசாரணை முடிஞ்சுது!

— வா வா. உனக்கு யாருக்கா சொன்னது? உள்ள யாரையும் விடலைன்னாங்களே.

— எனக்கு யாரு சொல்லணும்? நான் பாட்டுக்கு ஸ்டேஷன் பின்பக்கம், ஆபீசு ஜன்னலுக்குக் கீழ வரட்டி காயவெச்சுக்கினு இருந்தேன்.

— உன்கிட்ட மாடே இல்லையேக்கா.

— காது கேக்கற தூரத்துல காயற வரட்டிக்கு மாடு வேணாம். கேக்கறியா, போவட்டுமா?

— கேக்கறேன். தம்பி இன்னா சொன்னான்?

— இரு, வரிசையா வரேன். வழக்கமா சர்வீசுல சின்னவன்தானே முன்னாடி போவான்? அவன் சொல்லிட்டு வெளிய வந்து கண்ணைக் காட்டுவான், பெரியவங்க அதையே புடிச்சுக்குவாங்க. இந்த ஆபீசரு மேலேர்ந்து கூப்ட்டாரு. மொதல்ல உன் வூட்டுக்காரரு.

— அவரை விடுக்கா, அவரு சங்கத்தைத்தான் சொல்லியிருப்பாரு. தம்பி?

— அப்புறம் ஆதிநாராயணன். "எவரய்யா தோலிந்தி, யாரு ஓட்டினது?"ன்னாரு ஆபீசரு. "நேனே சார்"னான். சின்னப்பன், "நேனே சார்." வெங்கடசாமிக்குத் தெலுகு வராதே, "நாந்தாங்க, நேனே, நாந்தாங்க"ன்னு மூணு தரம் ஒத்துக்கினான். ஆபீசரு மேசையத் தட்டறாரு. எல்லாரும் ஒரே சீட்டுல குந்திக்கினு ஓட்டினீங்களாடான்னு கத்தறாரு.

— அக்கா, சொல்லிடு. உடைஞ்சுட்டானா?

— உன் தம்பியா? கணீர்னு "நேனே சார்"னான்டி! ஆபீசரே எறங்கி வந்தாரு. "நீ மெட்ராஸ் கேட்டிருக்கே, யோசிச்சு சொல்லு"ன்னாரு. "நான் போவல சார், அந்தக் காயிதத்தைக் கிழிச்சுடுங்க. ஓட்டினது நான்"னான். எனக்கே மயிரு கூச்செறிஞ்சு போச்சு.

— வீராசாமியா? நம்ம வீராசாமியா? பிரம்புக்கு பயந்தவன்… கல்யாணம் போச்சு, போவட்டும். போவட்டும்க்கா! நான் ஒரு பைத்தியக்காரி, அவனைப் போயி… அப்ப கிருபானந்தமும் தப்பிச்சுட்டான்!

— தப்பிக்கலடி.

— இன்னாது?

— மத்தவங்களுக்கு ரிமார்க்கு. கிருபானந்தத்தை மட்டும் வேலையை விட்டு நிறுத்தியாச்சு. நாளைக்கே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்.

— அதெப்படி? எல்லாரும் நான்தான்னு சொல்லியிருக்கச்சொல்ல அவன் பேரு மட்டும் எப்படி ஆபீசருக்குத் தெரிஞ்சுது?

— எனக்கென்னாத்துக்கு வம்பு. சல்லடை குடுத்தியானா போறேன்.

— அக்கா, உக்காரு. ஆதிநாராயணன் சொல்லல. சின்னப்பன் சொல்லல, வெங்கடசாமி சொல்லல, தம்பி சொல்லல. மொதல்ல உள்ள போனவரு இன்னா சொன்னாரு?

— நீ கேட்டதைத்தானேடி செஞ்சாரு.

— அவரு இன்னா சொன்னாருக்கா?

— "டிரைவர் கிருபானந்தம், சார்"னாரு. அப்புறம் கொரலை எறக்கி, "இதோட முடிச்சுக்குங்க சார், மத்த பசங்களைக் கூப்பிடவேணாம்"னாரு. கூப்பிடமாட்டாருன்னு நெனச்சிருக்காரு, பாவம். ஆபீசரு ரூல்ஸ்காரரு. எல்லாரையும் கூப்ட்டாரு… அடியே, அழாதே. வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குது.

— சோறு இருக்குதா, சுலோச்சனா?

— இருக்குது. உங்க மச்சான் இன்னா சொன்னான்னு தெரியுமா?

— தெரியும். வெளிய வந்து அவனே சொன்னான். சிரிச்சுக்கினே சொன்னான். அவன் உடைஞ்சுடுவான்னு நீ சொன்னே. நான் நம்பிட்டேன்.

*

— அரக்கோணத்துக்கு இந்த அம்மிய எதுக்குடி இஸ்துக்கினு போறே? அங்க கல்லே கெடைக்காதா? எனக்குக் குடுத்துட்டுப் போயேன்.

— எடுத்துக்கக்கா. இன்னா வேணுமோ எடுத்துக்க. இந்த ஊரை விட்டுப் போனாப் போதும்.

— உன் தம்பி போவ வேண்டிய மெட்ராசுக்கு, அன்னிக்கு ஊர்ல இல்லாம ரிமார்க்கு தப்பின உன் வூட்டுக்காரரு எழுதிக் குடுத்துட்டுப் போறாரு. தம்பி இங்கயே தங்கிட்டான். நல்லாதான் இருக்கான். மணியம்மா வூட்டுல பரிசத்தைத் திருப்பினாங்க, நாராயணவனத்துல சுந்தரி கெடைச்சா. ஆடி கழிஞ்சதும் முகூர்த்தம் வெச்சு, இப்ப அவளுக்கு மசக்கை. நேத்து என் கடையில புளிச்ச தோசை கேட்டு வாங்கித் துன்னா.

— இவருக்குத்தான்க்கா சாப்பாடே எறங்கல. சங்கத்தையும் விட்டுட்டாரு.

— விசாரணைக்கு மறுநாள் காலையில என் கடை வாசல்லயே தீர்ந்துதேடி அது. கிருபானந்தம் பெட்டியோட வந்து நின்னு, "என் பேரைச் சொன்னது யாரு?"ன்னு கேட்டான். ஆதிநாராயணன் உடனே, "நான்தான்"னான். "இல்ல, நான்தான்"னான் சின்னப்பன். வெங்கடசாமி, உன் தம்பி, எல்லாரும் நான்தான், நான்தான். எவன் சொன்னான்னு அவனுங்களுக்கே தெரியாது. ஆனா கட்டுப்பாடாம்! காட்டிக்குடுத்தவன் பேரையும் காட்டிக்குடுக்கமாட்டானுங்க.

— இவரும் சொன்னாராம்.

— சொன்னாரு. கடைசியா, மெதுவா, "நான்தான் கிருபா"ன்னாரு. நாலு பேரு பொய்யி, ஒருத்தரு நெஜம். ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியல. எனக்கு வாயி எப்படித் துடிச்சுது தெரியுமா? கரண்டிய வாயில கவ்விக்கினு நின்னேன்.

— நீ சொல்லாம இருந்ததே பெரிய விஷயம்க்கா. அதான் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். வர்ற வாரம் கிருபானந்தம் கல்யாணத்துக்கு நீயும் திருத்தணிக்கு வரே.

— வராம? நெசவுக்காரங்க நூல் லாரிக்கு அவனையே டிரைவரா வெச்சுக்கினாங்க. பொண்ணு ஞானசௌந்தரி, மிஷன் ஸ்கூல் டீச்சரு, எங்க சபைதான். நம்மாளுங்க கல்யாணத்துல நான் இல்லாம கேக்கு எப்படி வெட்டறது?

— தகப்பன் ஸ்தானத்துல நிக்கறதுக்கு இவரைக் கூப்ட்டிருக்கான்க்கா. நேர்ல வந்து, கையைப் புடிச்சு, "எனக்கு யாரும் இல்ல, நீங்கதான் நிக்கணும்"னான். இவரு ராத்திரி பூரா திண்டாடிக்கினு கெடந்தாரு. போவமாட்டேங்கறாரு, போவாம இருக்கவும் பயப்படறாரு. நான்தான் சொன்னேன், போங்க, அவனுக்கு ஒண்ணும் தெரியாது, தெரியாதவன் மனசை எதுக்கு நோவடிக்கணும்னு. அவன் காதுக்குப் போச்சுன்னா இவரு தாங்கமாட்டாரு. நீ கல்யாணப் பந்தல்ல நாலு பேரோட குந்தறப்ப…

— நான் எதுக்குடி சொல்லப்போறேன்?

— சத்தியம் பண்ணு. உன் வேதப்புஸ்தகத்து மேல பண்ணு.

— பண்றேன், எடுத்தாரேன். ஆனா சத்தியத்துக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க. உன் வூட்டுக்காரரைக் கூப்ட்டு அனுப்பு, அவரும் கேக்கட்டும். அன்னிக்கு அந்த ஜன்னலுக்குக் கீழ நான் மட்டும் நிக்கலடி. தன் பேரைக் கூப்பிடற வரைக்கும் கிருபானந்தமும் என் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தான்.