வெள்ளிக்கிழமை வந்த எண்ணெய்

சால்ட் லேக்கிலிருந்து ஜாதவ்பூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஆறு வெள்ளிக்கிழமை கெட்டுப்போகக் கூடாதுடா.”

“ஏன்க்கா?”

“எல்லை ஆத்துத் தண்ணிய ரெண்டு நாட்டு ஆபீஸும் சேர்ந்துதான் சோதிக்கிறோம். வெள்ளி, சனி பங்களாதேஷ் ஆபீஸுக்கு லீவு. சனி, ஞாயிறு எங்க ஆபீஸுக்கு லீவு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் தண்ணி கெட்டிருக்குன்னு வெளியே சொல்லலாம். அதான் ஒப்பந்தம்.”

“அப்புறம்?”

“பங்களாதேஷ் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவர் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே கூப்பிட்டார், ஆத்துல கப்பல் எண்ணெய் வருதுன்னு. திங்கட்கிழமை வரைக்கும் எப்படிடா காத்திருக்கிறது? கரையோர மீனவங்களுக்கு போன் பண்ணி, வலை போடாதீங்கன்னு சொல்லிட்டேன்.”

“அதுக்கா சஸ்பெண்ட் பண்ணாங்க?”

“அவரையும்தான்.”

பஸ் சிக்னலில் நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ரெண்டு ஆர்டரும் சனிக்கிழமையே கையெழுத்தாயிடுச்சு.”