மச்சானின் வலக்கைத் தலையணை

எனக்கு இரண்டு தலையணை இல்லாமல் மதியத் தூக்கம் வராது, டாக்டரம்மா. இரண்டாவது மச்சானுடையது. பிசியோதெரபிக்கு வந்த முதல் நாளே அவருடைய வலக்கைக்கு அடியில் வைக்கச் சொல்லி நீங்கள் கொடுத்தீர்களே, அதேதான்.

அன்று நீங்கள் விளக்கியதும் மறக்கவில்லை. பக்கவாதம் வந்த கையில் தசை தளர்ந்துவிடும். தோள்மூட்டைத் தாங்க ஆளிருக்காது. தொங்கவிட்டால் கையின் பாரமே எலும்பைக் கிண்ணத்திலிருந்து கீழே இறக்கிவிடும். "கையைப் பிடிச்சு மட்டும் இழுத்துராதீங்க சார், இடுப்பைப் பிடிச்சுத் தூக்குங்க" என்றீர்கள். இந்த வீட்டில் அதைக் காது கொடுத்துக் கேட்டவன் நான் ஒருவன்தான். என் மனைவிக்கு நினைப்பெல்லாம் அடுப்பிலிருந்த பாலில்.

அந்தக் கையின் வண்டவாளம் உங்களுக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து கேரம் பலகையில் என்னை வெளுத்து வாங்கிய கை அது. ஒரு சுண்டு சுண்டினால் காய்கள் வரிசையில் நின்று குழிக்குள் குதிக்கும். பக்கத்து வீட்டுப் பலகையில்கூட இரண்டு விழும். "மாப்ள, நீங்க பவுடர் மட்டும் போடுங்க, போதும்" என்பார், என் சம்பந்தி முன்னாலேயே. ஆபீசில் என்னைக் கண்டால் நாற்காலிகூட எழுந்து நிற்கும். வீட்டில் நான் பவுடர் போடுகிறவன்.

அவர் படுத்த பிறகுதான் முதல் தடவை ஜெயித்தேன். நீங்களோ கெட்டிக்காரி. ஒரே மாதத்தில் அவர் விரல் அசைந்து ஸ்ட்ரைக்கரைத் தொட்டது.

அதனால்தான் தலையணையை எடுத்துக்கொண்டேன். கை கட்டிலோரம் தொங்கும். நான் குறட்டை விடுவேன். சாயங்காலம் எல்லோர் முன்னிலையிலும், "எழுந்திரிங்க மச்சான்" என்று அந்தக் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. அலறினால், "வலிச்சாத்தான் குணமாகுதுன்னு அர்த்தம்" என்பேன். "எங்க அண்ணனுக்கு இவரை விட்டா யாரு இருக்கா" என்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

தோள் இறங்கியதற்கு நீங்கள் அவர் கழுத்தில் மாட்டிவிட்ட கைக்கட்டைச் சந்தேகப்பட்டீர்கள், அவள் மின்விசிறிக் காற்றை. இரண்டுக்கும் தலையாட்டினேன். செய்தது நான்.

நேற்று மச்சான் இடக்கையால் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, ஒரு பக்கம் கோணிய வாயோடு சிரித்தார். "மாப்ள, பவுடர்."

இடது தோளில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் முடியாத மனிதர், பாவம். எழுந்திருக்க உதவி வேண்டாமா? நாளையிலிருந்து இடப்பக்கம் நிற்கலாமென்று இருக்கிறேன். அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?