செவலையின் கன்று

— நேத்து, செவ்வாய்க்கிழமை, நான் பண்ண தப்பு சின்னதுதான் அத்தான். குறுகலான குழாயை எடுத்துட்டேன். அகலமானது பக்கத்துலயேதான் இருந்துச்சு.

— எனக்குப் புரியிற மாதிரி சொல்லு, டாக்டரம்மா.

— டாக்டர்னு கூப்பிடாதீங்க, நான் லேப்ல வேலை பார்க்கிறவ. சாயங்கால வகுப்புல பாதிப் பாடம் இன்னும் பிடிபடல. நீங்க பிளாஸ்க்ல, செத்துப்போன நம்ம பசு செவலையோட சினைப்பை ரெண்டையும் கொண்டு வந்தீங்கல்ல, அதுலேர்ந்து கருமுட்டைங்களை எடுத்தேன். ஒவ்வொண்ணையும் சுத்தி பொடிப்பொடி செல்லுங்க அடையா ஒட்டியிருக்கும். முட்டையை உறிஞ்சி எடுக்கிற அந்தக் குறுகலான குழாய்ல போய் வந்ததுல அத்தனையும் உரிஞ்சு போச்சு.

— போனா என்ன? முட்டை இருக்குல்ல?

— இருக்கும். முத்தாது. அந்தச் செல்லுங்கதான் அதுக்கு ஊட்டி விடுது. அது இல்லாம, மாட்டு உடம்புச் சூட்டுலயே வச்சாலும், நல்ல திரவத்துல விட்டாலும், நிறைய முட்டை அரைகுறையா நின்னுடும்.

— உங்க அக்கா இன்னைக்கும் சாப்பிடல. தொழுவத்தைப் பார்த்து உக்காந்திருக்கா. அழக்கூட இல்ல. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, கன்னு வருமான்னு கேட்டா.

— என்ன சொன்னீங்க?

— தங்கச்சி கையிலதான் இருக்குன்னேன்.

— நல்லா சொன்னீங்க போங்க.

— அப்புறம் என்ன பண்ணின?

— வேற மாட்டு முட்டைங்க கொஞ்சம் இருந்துச்சு, செல்லு உரியாம. அதையும் நம்மளோடதையும் ஒரே துளித் திரவத்துல சேர்த்து விட்டேன். பக்கத்துல இருக்கிற செல்லு இதுக்கும் ஓரளவு ஊட்டும்.

— அடுத்த வீட்டுக்காரி பால் கொடுக்கிற மாதிரி.

— அப்படித்தான்னு வச்சுக்குங்க. கலந்தாலும் அடையாளம் தெரியும். மொட்டையா இருந்தா நம்மளோடது.

— முத்திச்சா?

— சிலது முத்திச்சு. ஆனா முத்திச்சான்னு பார்க்க, மேல ஒட்டியிருக்கிற செல்லை உதறணும். தினம் பண்ற வேலை. இன்னைக்குக் காலையில கை அதுபாட்டுக்கு எல்லாத்தையும் உதறிடுச்சு. அப்புறம்தான் உறைச்சுது. இப்ப எல்லாமே மொட்டை. எது செவலையோடது, எது ஊரார் மாட்டோடதுன்னு எனக்கே தெரியல.

— விந்து சேர்த்துட்டியா?

— எல்லாத்துக்கும் சேர்த்தாச்சு. திட்டுங்க அத்தான்.

— திட்டி என்ன ஆகப் போகுது. அக்காகிட்ட சொல்லாதே.

— சொல்லாம எப்படி? வேற பசு வயித்துல வச்சுக் கன்னு பிறந்தா அவ அது கழுத்தைக் கட்டிக்கிட்டு செவலைன்னு கூப்பிடுவா. யாரோட கன்னோ என்னவோ. அந்தப் பொய்யை என்னால சுமக்க முடியாது.

— பேசாம விடும்மா.

— இல்ல, வழி இருக்கு. கன்னு பிறந்ததும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டா தெரிஞ்சிடும். செவலையோட முடி வேரோட கொஞ்சம் வேணும். கட்டின கயித்துல ஒட்டியிருக்கும், நாளைக்கு எடுத்துட்டு வாங்க.

— வேண்டாம். எதுவும் ஒத்துப் போகாது.

— ஒண்ணாவது போகாதா?

— போகாது. மாட்டாஸ்பத்திரிக்குப் போற வழியில வண்டியிலயே செவலைக்கு மூச்சு நின்னுடுச்சு. சூடு ஆறுறதுக்குள்ள அறுத்து எடுக்கணும்னு நீ போன்ல சொன்னே. எனக்குக் கத்தியைத் தேடிப் போகக் கால் வரல. அது தலைமேல கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். எழுந்தப்ப உடம்பு சில்லுன்னு கிடந்துச்சு.

— அப்ப பிளாஸ்க்ல இருந்தது?

— அறுப்புக்கூடத்துல கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியல. எந்த மாடுன்னு எனக்கும் தெரியாது.

— நாளைக்குச் சாயங்காலம் நான் வகுப்புக்குப் போகல. முட்டை ரெண்டா பிரிஞ்சிருக்கான்னு மைக்ராஸ்கோப்புல பார்க்கணும். செவலையோடதைக் காட்டுறேன்னு சொல்லி அக்காவைக் கூட்டிட்டு வாங்க. சாப்பிட வச்சுட்டுக் கூட்டிட்டு வாங்க.