குமட்டினா அந்தக் கூடை

அட, நகர வேணாம்க்கா. உங்க மேல வாந்தி எடுத்துட மாட்டேன், பயப்படாதீங்க. ஆமா, மூணாவது மாசம். ஸ்கேனுக்குத்தான் உக்காந்திருக்கேன். உங்க பொண்ணு உள்ள போயிருக்காளா? அவளுக்கும் வாந்தியா? ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க! எனக்குத் தண்ணி குடிச்சாக்கூட வெளிய வரும். பல்லு விளக்க பிரஷ்ஷை வாயில வெச்சா போச்சு, குடலே கைக்கு வந்துடும்.

இஞ்சியா? தின்னாச்சு. எலுமிச்சம்பழம் மோந்தாச்சு. எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே படுத்துக்கிட்டுக் காஞ்ச ரொட்டி தின்னுன்னாங்க மாமியார். தின்னேன், தலகாணி நாசம். வீட்டுக்காரர் கிட்ட வந்தாலே குமட்டும். பாவம், சோப்பு மாத்தினாரு, எண்ணெய் மாத்தினாரு. இனி மாத்துறதுக்கு நான்தான் மிச்சம்னு ஹால்ல போய்ப் படுத்துட்டாரு.

இதுல என் வேலை வேற. லாண்டரியிலக்கா. வர்ற துணியை மோந்து மோந்து பிரிக்கணும். லேசா வாடைன்னா நேரா மெஷினுக்கு, நாத்தம்னா ஊற வெக்கிற கூடைக்கு. ஊர்ல உள்ளவன் அக்குளெல்லாம் என் மூக்குலதான். த்தூ! குழந்தை கக்கின பால் புளிச்சுக் கிடக்கும். ஈர சாக்ஸைச் சுருட்டியே அனுப்புவானுங்க. ஒரு கையில துணி, ஒரு கையில வாளி. அப்புறம் நான் யோசிக்கிறதையே விட்டுட்டேன். குமட்டினா ஊற வெக்கிற கூடை, அவ்ளோதான். ஓனரம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். மாசமானதும் உன்கிட்ட ஒண்ணும் தப்ப மாட்டேங்குதுடின்னு சிரிக்கும்.

நேத்துதான் ஒரு கூத்து. மீன்கடைக்காரர் சட்டையை நேரா மெஷினுக்குப் போட்டுட்டேன். அது அப்படியே இஸ்திரிக்குப் போயிடுச்சு. சூடு பட்டதும் கடையே நாறுது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுறாங்க, ஓனரம்மா காட்டுக் கத்து கத்துது. நான் மட்டும் அங்கயே நிக்கிறேன். அந்தக் கருமத்தை எடுத்து முகத்துல அழுத்தி மோந்து பார்த்தேன்க்கா. நாத்தம் தெரியுது, ஆனா குமட்டல. வாயில எச்சில்கூட ஊறல.

நல்லதுதானேங்குறீங்க. இருக்கலாம். மூணு மாசத்துல தானா நின்னுடும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. போன தடவையும் இப்படித்தான் திடீர்னு நின்னுச்சு. விட்டுது சனியன்னு ரெண்டு தட்டு சோறு தின்னேன்க்கா, உள்ள துடிப்பு நின்னது தெரியாம.