குழாயில் கூப்பிட்ட குரல்

மின்சாரம் எட்டாத ஊருக்கும் பேட்டரிப் பெட்டியைத் தலையில் சுமந்து இசையைக் கொண்டுபோனவரும், என்னைப் போன்ற வாயாடிகளை மேடையேற்றிவிட்டு வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும் பொறுமைக் கடலுமாகிய அவைத்தலைவர் அம்மையப்பன் அண்ணாச்சி அவர்களே! ஊரெல்லாம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, உறங்கும் தெருவை உலுக்கி எழுப்பும் ரேடியோ செட்டு உரிமையாளர்களே! கங்கைகொண்டானிலிருந்து வேன் பிடித்து வந்து, நாற்காலி கிடைக்காமல் நின்றே கேட்கும் நெஞ்சுரம் மிக்க தோழர்களே! இந்த ஆள் எப்போது நிறுத்துவான், பாட்டு எப்போது தொடங்கும் என்று பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் இந்த ஹெப்ரான் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

எனக்குக் ‘கலவை இசைக் காவலர்’ என்று பட்டம் தருவதாக நோட்டீஸ் அடித்துப் பாளையங்கோட்டைச் சுவரெல்லாம் ஒட்டிவிட்டீர்கள். சற்று முன் அண்ணாச்சி பொன்னாடையை விரித்தபோது, “நான் பேசி முடிச்சிருதேன் அண்ணாச்சி, பொறவு போடலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க” என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். “ஹெப்ரானுக்குத் திமிரு கூடிப்போச்சு வே” என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். சொன்னீரா, இல்லையா? எட்டு வருஷம் ஹெட்போன் மாட்டிய காது ஐயா இது, உம்முடைய முணுமுணுப்பும் இதில் விழும். திமிர் இல்லை, பயம்.

நான் யார்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த சாதாரணன். தொண்ணூற்றோராம் வருஷம் துபாயிலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் ஒரு கீபோர்டையும் ஒரு தாளப் பெட்டியையும் வாங்கினேன். பெட்டியா அது? அதற்குள்ளே டிரம்ஸ் இருந்தது, தபேலா இருந்தது, கைதட்டல்கூட இருந்தது! தட்டக் கை இல்லை, தட்டல் கேட்டது. ஊத வாய் இல்லை, ஊதல் கேட்டது. ஆளே இல்லாத அறையில் ஆயிரம் பேர் வாசித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்புக்குக் கலை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பம்பாயில் இந்த வேலை செய்பவனை டி.ஜே. என்பார்களாம். நம்மூரில் என் பெயர் ‘கேசட்டு ஹெப்ரான்’. சிரியுங்கள், சிரியுங்கள், சிரிப்பதையெல்லாம் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்! பாட்டோடு பாட்டை ஒட்டி, தாளத்தை மாற்றி, இடையிடையே என் சொந்தச் சரக்கையும் சேர்த்து, முப்பது நிமிஷம் நிற்காமல் ஓடுகிற கலவைகளைச் செய்தேன். அவற்றில் பெயர் வாங்கித் தந்தது எது? தொண்ணூற்று மூன்றில் வந்த ‘தாமிரபரணித் தாளம்’! திருச்செந்தூருக்கு நடந்துபோகிற கூட்டத்தோடு போகும் வேனில் அதுதான். சடங்கு வீட்டில் அதுதான். புதுக்கடை திறந்தாலும் அதுதான்.

அதில் ஏழு இடங்களில் தாளம் உச்சிக்கு ஏறும். ஏறிப் பட்டென்று நிற்கும். நாலு அடிக்கு ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல ஒரு முதியவரின் குரல் வரும். “இபுறாகீமு...” அவ்வளவுதான், உடனே இடி மாதிரித் தாளம் விழும். ஏழு மௌனத்தில் மூன்றில் அந்தப் பெயர். மற்ற நான்கில் ஓர் இருமல், ஒரு பெருமூச்சு, பாதியில் நின்ற ஏதோ ஒரு சொல். கேட்டவர்கள் கிறுகிறுத்துப் போனார்கள். கேசட் பறந்தது.

ஆற்றங்கரை அம்மன் கோயில் ஒன்றில் உச்சிக்கொடை விழா. நல்ல நண்பகல். குழாயை ஆற்றைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். “இபுறாகீமு...” என்று குழாய் கூப்பிட்டது. ஒரு விநாடி கழித்து எதிர்க்கரையிலிருந்தும் “இபுறாகீமு...” என்று வந்தது. எதிரொலிதான், உங்களுக்குத் தெரியாததா? ஆனால் முதல் குரல் தூரத்தில் கேட்டது; இரண்டாவது குரல் தோளுக்குப் பின்னால் கேட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஆறுமுகத்தாய் என்று ஓர் அம்மா, துணியைப் படித்துறையிலேயே போட்டுவிட்டு ஈரச் சேலையோடு என்னிடம் வந்தார். “யய்யா, அது உசுரோட இருக்கிற ஆளு கூப்பிடுத மாதிரி இல்ல. எவரோ வழி தெரியாம நின்னு கூப்பிடுதாரு. பாவம், அவர விட்டுருங்கய்யா” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆத்தா, அதுக்குப் பேரு எஃபெக்ட்டு” என்றேன்! சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

“எங்கன வே பிடிச்சீரு அந்தக் குரல?” என்று இங்கே இருக்கிற எத்தனை பேர் என்னைக் கேட்டிருப்பீர்கள்! கண்ணை மூடிக்கொண்டு, “ஆகாயத்துல மிதந்துச்சு, பிடிச்சுப் போட்டேன்” என்பேன். அதை நம்பித்தானே இந்தப் பட்டம்?

போன ஆவணியில் உங்கள் சங்கம் என்னைக் கேட்டது, பழைய கலவைகளைச் சுத்தப்படுத்தி ஒரே தொகுப்பாக வெளியிடுவோம் என்று. சரியென்று மூலக் கேசட்டுகளைத் தூசி தட்டி எடுத்தேன். ஒரு மத்தியானம் என் கேசட் பதிவுக் கடையை உள்ளே பூட்டிக்கொண்டு ‘தாமிரபரணித் தாள’த்தைப் போட்டேன். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். ஆறு வருஷம் கழித்து, நல்ல ஹெட்போனில் கேட்கிறேன். தாளம் வந்தது. தாளத்துக்குப் பின்னால் வேறு ஏதோ வந்தது. என்ன அது? டேப்பின் இரைச்சலா? இரைச்சல் ஏறி இறங்காதே! மின்விசிறியா? நிறுத்திப் பார்த்தேன், அது நிற்கவில்லை. ஐயா, அது மூச்சு! மௌனத்தில் மட்டுமல்ல, பாட்டுக்கு அடியில், தாளத்துக்கு அடியில், முப்பது நிமிஷமும் ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நாம் ஆடினோமே, அப்போதும் விட்டுக்கொண்டிருந்தார். நாம் விசில் அடித்தோமே, அப்போதும் விட்டுக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றினேன். கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது. பைய எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிற வருகிற ஆட்களைப் பார்த்தபடி நின்றேன்.

நாலாம் நாள் கடைக்கு ஒரு பெண் வந்தார். காயல்பட்டினத்து ஆமினா. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் முகம்மது இப்ராஹிம் எழுதிய கடிதம் கையில் இருந்தது. “எங்க காக்கா ஆறு வருசமா ஊருக்கு வரல. ஏன்னு இப்பத்தான் எழுதிருக்காங்க. படிங்க” என்று நீட்டினார். படித்தேன். அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். ‘வாப்பாவோடு சண்டை போட்டுவிட்டு விமானம் ஏறினேன். ஒரு மாதத்தில் வாப்பா மௌத்தாகி, அடக்கமும் முடிந்ததாகச் செய்தி வந்தது. மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அறையில் ஒருவர் ஊரிலிருந்து வந்த ‘தாமிரபரணித் தாளம்’ கேசட்டைப் போட்டார். எல்லோரும் ஆடினார்கள். பாட்டு நின்றது. வாப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்கு மட்டும் கேட்டிருந்தால் புத்தி பிசகியது என்று இருந்துவிடுவேன். எல்லோருக்கும் கேட்டது. என்னை மன்னிக்காமல் போனவர் கபுரிலிருந்து கூப்பிடுகிறார். நான் எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பேன்?’

கடிதத்தை மடித்தேன். ஆமினா கேட்டார்: “எங்க வாப்பா குரல் உங்ககிட்ட எப்பிடி வந்துச்சு அண்ணாச்சி?”

சபையோரே! எப்படி வந்தது? ஆகாயத்திலிருந்தா? இல்லை, என் கடை மேசையிலிருந்து! வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்களே, அப்படி ஒரு கேசட்டைத் தொண்ணூற்று மூன்றில் இதே ஆமினா கொண்டுவந்தார். படுக்கையில் கிடந்த அவருடைய வாப்பா, மகனுக்கு மட்டுமென்று தனியாகப் பேசிப் பதிந்தது. டேப் சிக்குகிறது, வேறு கேசட் கூட்டுக்கு மாற்றித் தாருங்கள் என்றார். மாற்றினேன். மேசையில் வைத்தேன். என்னுடைய பழைய கேசட்டுகளும் அங்கேதான் கிடந்தன. மறுநாள் கைக்கு வந்ததை எடுத்து, அதன்மேல் ‘தாமிரபரணித் தாள’த்தைப் பதிந்துவிட்டேன். பழையதை அழிக்கிற தலை என் கருவியில் தேய்ந்திருந்தது. பாதி அழிந்தது, பாதி உள்ளேயே நின்றுகொண்டது. ஆமினா வந்து கேட்டபோது தேடினேன், கிடைக்கவில்லை. “டேப்பு அறுந்துபோச்சு தாயி” என்றேன். பொய்! அன்று சாயங்காலமே கலவையைப் போட்டுக் கேட்டேன், குரல் வந்தது. எனக்குத் தெரியாதா? தெரியும் ஐயா, தெரியும்! எவரோ வீட்டுக் குரல் என்று தெரியும். எந்த வீடென்று யோசித்தால் அதுவும் தெரியும். யோசிக்கவில்லை. ஏன்? கேட்க நன்றாக இருந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

கலையா இது? களவு! களவாணிக்கா காவலர் பட்டம்? அண்ணாச்சி, அந்தப் பொன்னாடையை மடித்து வைத்துவிடுங்கள்.

“போதும், இறங்கு வே” என்கிறார் ஒருவர். இறங்கத்தான் போகிறேன், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

பொய் என்னோடு நின்றதா? அந்த வாரமே பெரியவர் காலமானார். அழுதுகொண்டிருந்த தாயிடம் கேசட் அறுந்த கதையைச் சொல்ல ஆமினாவுக்கு நா எழவில்லை. “அனுப்பியாச்சு உம்மா” என்று சொல்லிவிட்டார். தாய் என்ன நினைத்தார்? வாப்பாவின் கடைசிப் பேச்சைக் கேட்டும் மகன் வரவில்லை, இவன் கல் நெஞ்சன் என்று நினைத்தார். மகன் போன் செய்தால் எடுக்க மாட்டார். ஆறு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. காயல்பட்டினத்துக் கல்யாண வீட்டில் என் கேசட்டுக்கு வேலை கிடையாது. அதனால் ஊரெல்லாம் கேட்ட அந்தக் குரலை அந்த வீடு மட்டும் கேட்கவில்லை. அங்கே மகன் மன்னிப்பு இல்லையென்று அஞ்சினான். இங்கே தாய் மதிப்பு இல்லையென்று வெகுண்டார். நடுவிலே நான் மாலை வாங்கிக்கொண்டிருந்தேன்!

மூலக் கேசட்டில் நான் ஒரு பக்கம்தான் பதிவேன். மறுபக்கத்தை ஆறு வருஷமாக எவரும் கேட்டதில்லை. ஆமினாவின் முன்னால் திருப்பிப் போட்டேன். தாளம் இல்லை, கலவை இல்லை. அதே மூச்சு. பிறகு பேச்சு. “இபுறாகீமு, நீ கோவிச்சுக்கிட்டுப் போன அன்னைக்கு வாப்பா வாசலுக்கு வரலன்னு நெனைக்காதே. மாடியில நின்னேன். பஸ்ஸு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னேன். ஏசுனது வாப்பா வாயிதான், மனசு ஏசல.” ஆமினா சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இதைச் சொன்னதும் அவர் அனுமதியோடுதான். இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அன்றே ஷார்ஜாவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொன்னோம். டேப்பை ஓடவிட்டுப் போனைப் பக்கத்தில் பிடித்தோம். கேட்டார். டேப் முடியும்வரை கேட்டார். பிறகு என்னைக் கேட்டார்: “நீங்க வெட்டி ஒட்டுறவருதானே? எங்க வாப்பா பேச்ச அழிச்சு, என் பேர மட்டும் விட்டுவச்ச ஆளு. இதையும் நீங்களே ஒட்டிருக்க மாட்டீங்கன்னு நான் எப்பிடி நம்புறது? வாப்பா மாடியில நின்னா உம்மாவும் நின்னிருப்பாங்க. உம்மா சொல்லட்டும்.” வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. என் வித்தைக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த சரியான மதிப்புரை அதுதான்.

காயல்பட்டினத்துக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கதவுக்குப் பின்னாலிருந்து அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருந்தார். ஏசவில்லை, ஏசியிருந்தால் தேவலை. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: “ஊரூருக்குக் குழாயில போட்டியே தம்பி, அதே குழாயில, ஒனக்கு மாலை போடுற எடத்துல, நீ செஞ்சத நீயே சொல்லு. நான் கேக்கணும். கேட்டுட்டு அவன்கிட்ட பேசுறேன்.”

அதனால்தான் ஏறினேன் இந்த மேடையில். பட்டம் வாங்க ஏறவில்லை, பழியை ஒப்புக்கொள்ள ஏறினேன்!

ஒலியைப் பெருக்கும் தோழர்களே! ஊசி விழும் ஓசையை இடியாக்கத் தெரிந்த நமக்கு, ஒருவர் அழைப்பது அழைப்பென்று தெரியவில்லையே! கேட்கக் காது இருந்தது. கேட்டதைக் கருதக் கருணை இருந்ததா? ஊரைக் கூட்ட வித்தை இருந்தது; உரியவரிடம் சேர்க்க உள்ளம் இருந்ததா? இனி ‘தாமிரபரணித் தாளம்’ வெளிவராது. உங்கள் பெட்டிகளில் இருப்பதையும் எடுத்து அழித்துவிடுங்கள். நன்றாகத் தேய்த்து அழியுங்கள். ஆறு வருஷம் குழாயில் நின்று கூப்பிட்டவரை இறக்கிவிடுங்கள். அவர் கூப்பிட்ட ஆள் இந்த ஊரில் இல்லை.

அந்தத் தாய் வந்திருக்கிறார். மைதானத்து ஓரத்தில், கண்ணாடி இறக்கிய காரில் மகளோடு அமர்ந்திருக்கிறார். திரும்பாதீர்கள்! யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், புண்ணியமாகப் போகும். ஆமினாவின் கொழுந்தன் நாளை திருவனந்தபுரத்தில் ஷார்ஜா விமானம் ஏறுகிறார். பெரியவருடைய மூலக் கேசட் அவர் கைக்குப் போய்விட்டது. அதோடு இன்னொரு கேசட்டும் போகவேண்டும்.

மைக்செட்டு அப்பாத்துரை அண்ணே, மைக் ஒயரைக் காருக்கிட்டே இழுத்துக் கொடுங்கள். புதுக் கேசட் போடுங்கள், பழையது வேண்டாம். பதிவைத் தொடங்குங்கள். நடுவில் எதற்காகவும் நிறுத்தக் கூடாது, பிறகு எதையும் வெட்டவும் கூடாது.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், ஏசாமல் பொறுத்த தாய்மார்களுக்கும், ஏசிய அந்த முன்வரிசை நண்பருக்கும் என் நன்றி. தலைவருக்கு வணக்கம். சபைக்கு வணக்கம்.

மைக் வந்துவிட்டதா உம்மா? கொஞ்சம் பொறுங்க. அப்பாத்துரை அண்ணே, அத்தனை குழாயையும் அணையுங்கள், ஒன்றுவிடாமல் அணையுங்கள். இனி அவங்க பேசுறது நமக்கில்லை.