ஊருக்கெல்லாம் விலாசம் சொல்லும் டப்பா

ஹலோ... லெஸ்லி மாப்பிள்ளையா? அத்தைதான், ஹாஸ்டல்லேருந்து பேசுறேன். போனைக் காதோட ஒட்டி வெச்சுக்கோங்க, ஒரு கதை சொல்லணும்... மீட்டிங்கா? இருக்கட்டும், சின்னக் கதைதான். பெங்களூரு ஹெப்பாள்ல உக்காந்து உலகத்துக்கே நெட்டு குடுக்குறவருக்கு, மாமியார் நெட்டை விசாரிக்க ஒரு நிமிஷம் கிடைக்காதா...

ஆமா, ஆமா... ஞாயித்துக்கிழமை வெச்சுட்டுப் போனீங்களே, அந்த டப்பாதான். எந்த வெப்சைட் பேரைக் கேட்டாலும் விலாசம் சொல்லும், ஒருதடவை விசாரிச்சதை ஞாபகம் வெச்சுக்கும், பிள்ளைங்களுக்கு நெட்டு பறக்கும்னீங்க. பறந்துச்சு மாப்பிள்ளே. மத்தியானம் கரண்ட் போய் வந்ததுலேருந்து ஒரேயடியா பறந்துபோச்சு.

இல்ல இல்ல, லைட்டெல்லாம் கிறிஸ்மஸ் ஸ்டார் மாதிரி அழகா எரியுது. ஒரு பேஜும் திறக்கலை, அவ்வளவுதான்...

கேளுங்க, நம்ம ஹாஸ்டல் பொண்ணு ஷாரனுக்கு ரெண்டு மணிக்கு இன்டர்வியூ. ஜெர்மனி ஆஸ்பத்திரி. நர்சிங் முடிச்சு, அந்த பாஷையையும் படிச்சுட்டு, இந்த நாளுக்காகவே காத்திருந்தவ. பக்கத்துலதான் லேப்டாப்போட உக்காந்து மணியைப் பாத்துக்கிட்டு இருக்கா... மொபைல் டேட்டாவா? இந்தக் கல்கட்டடத்துக்குள்ள சிக்னல் வந்தா நான் ஏன் லேண்ட்லைன்ல உங்களைக் கொஞ்சிக்கிட்டு இருக்கேன்?

சரி... சரி, சொல்லுங்க. ஷாரன், பேரு வேண்டாமாம், வைஃபை டப்பாவோட நம்பரை அடிச்சா அது மட்டும் திறக்குமாம்... திறந்துச்சு. விலாசம் எங்க கேக்கணும்னு நீங்க எழுதினதா? கடைசியில பத்துன்னு இருக்கு. விலாச டப்பா இப்ப எந்த நம்பர்ல இருக்குன்னா... முப்பத்தேழுன்னு காட்டுது, மாப்பிள்ளே.

...என்னது, என்னத்தை மறந்தீங்க?

ஓ. அதுக்கு நிரந்தரமா ஒரு நம்பர் குடுக்க மறந்துட்டீங்க. கரண்ட் வந்ததும் அது வேற நம்பர் வாங்கிக்கிச்சு. இங்க எல்லாரும் காலி வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருக்கோம். நல்லது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி... சே சே, உங்களைச் சொல்வேனா? பல்லியைச் சொன்னேன்.

பத்தை அழிச்சுட்டு முப்பத்தேழா... ஷாரன், மாத்தி சேவ் பண்ணு. வைஃபையை அணைச்சுட்டுத் திரும்பப் போடு. ஆய்த்தா?... இருங்க மாப்பிள்ளே, இருங்க...

வந்துருச்சு. ஜெர்மனிக்கார அம்மா முகம் தெரியுது... ஷ், மெதுவாப் பேசுறேன். வணக்கம் சொல்லிட்டா. என்னமாப் பேசுறா மாப்பிள்ளே...

சாயங்காலம் வந்து அந்த டப்பாவை ஒரே நம்பர்ல கட்டிப்போட்டுட்டுப் போங்க. என் மக ஜூலியையும் கூட்டிட்டு வாங்க, கறிக்குழம்பு வைக்கிறேன்... ஆமா, ஏசினதுக்கும் சேர்த்துதான். மீட்டிங்கை விட்டுட்டு எனக்காக எந்திரிச்சு வந்தீங்களே, அது போதும். ஆண்டவர் உங்க வீட்டுல சிரிப்புச் சத்தம் குறையாம வெக்கட்டும். உங்க பிள்ளைங்க நீங்க கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரட்டும். வெக்கிறேன்.